கெம்போங் மீனும் கங்கோங் கீரையும்: ஐந்தாவது வாரம்

வேலை முடிந்து பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்து ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதற்கப்புறம் யார் சமைப்பது என்று மீ கோரேங் தாப்பாவ் பண்ணிய, அதாவது பொட்டலம் வாங்கிய, நாட்களே அதிகம். எட்டு மணிக்குள் மீனும் கீரையும் தட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு மாதமாக முயன்று பார்க்கிறேன்.

முதல் வாரம் படுதோல்வி. நேரம் மிச்சமாகும் என்று கெம்போங்கையும் (கானாங்கெளுத்தி) கங்கோங்கையும் (வள்ளைக்கீரை) ஒரே குவாலிச் சட்டியில் போட்டு மூடினேன். 10 நிமிடம் கழித்துத் திறந்தால் மீன் வெந்திருந்தது. கீரை கறுத்துக் குழைந்து பச்சைத் தண்ணீரில் மிதந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"ராத்திரில கீரை வேணாம்னா கேக்குறியா நீ?"

மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் புழு பூச்சி தெரியாத காலத்தில் வந்த சட்டம் அது என்பது என் கட்சி. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாரம் மீனைத் தனியாக வறுத்தேன். தோல் முழுக்கச் சட்டியோடு தங்கிவிட்டது. ஈரம்தான் காரணம். இப்போது கழுவிய மீனைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம். இரண்டு பக்கமும் மும்மூன்று கீறல். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டால், 4 நிமிடத்துக்குக் கரண்டியே படக்கூடாது. கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். தோல் மொறுமொறுத்துவிட்டால் மீன் தானாகவே சட்டியை விட்டுவிடும்.

கீரைக்கு மூடியே வேண்டாம். மூடினால் கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் பச்சை நிறத்தைக் கெடுக்கிறது. மீன் வறுத்த எண்ணெயில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, தட்டிய பூண்டு, ஒரு பிடி நெத்திலிக் கருவாடு, அடுப்பைப் பெரிதாக்கி முதலில் தண்டு. அரை நிமிடம் கழித்து இலை. இன்னொரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். எலுமிச்சையை அடுப்பிலேயே பிழிந்து ஒருநாள் மறுபடி நிறம் போனது. அதனால் தட்டில் வைத்தபின்தான். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது; எலுமிச்சையும் கூட இருக்கும் மீனும் அதற்குக் கை கொடுக்கும்.

மீன் வாங்குவது சனிக்கிழமை காலைச் சந்தையில். சுத்தம் செய்து, இரண்டிரண்டாகப் பையில் தட்டையாகப் பரப்பி உறைய வைத்துவிடுவேன். காலையில் ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் இளகிவிடும். மூன்றாம் வாரம் மோட்டார் கூடையில் மீனை வைத்துவிட்டு ரொட்டி சானாய் பசியாற உட்கார்ந்து, பேச்சில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. அத்தனையையும் குப்பையில்தான் போட்டேன். கெம்போங் வகை மீன் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும், எவ்வளவு வறுத்தாலும் போகாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை 7.35க்குத் தொடங்கினேன். சோற்றுப் பானையின் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் மீனைத் தொட்டேன். 7.58க்குத் தட்டு மேசையில். ஒரு மீன் மட்டும் வால் உடைந்தது, அதை நானே வைத்துக்கொண்டேன்.

மிச்சமிருக்கும் சிக்கல் தேநீர். சாப்பிட்ட கையோடு தே கலக்கிக் குடித்தால் அந்த இரும்புச்சத்தை அது தடுத்துவிடும். சரி, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்போம் என்று பார்த்தேன். ஒன்பது மணித் தே இரவு ஒரு மணி வரை தூங்க விடவில்லை.