சாவியைக் கொடுத்துவிட்டு காபி எடுக்கப் போனவர்

"நாலு மணிக்குள் கொண்டுவந்தால் போதும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்துவிட்டு அந்தக் கார் ஷோரூம் விற்பனையாளர் காபி எடுக்கப் போய்விட்டார். போகிற போக்கில் "கூஸ் டை" என்றார். ஆசை தீர அனுபவி என்பதுபோல ஒரு நார்வேஜிய வாழ்த்து. நான் வாசலிலேயே நின்றேன். கூட யாராவது வருவார்கள் என்று நினைப்பு.

2012-ல் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு சின்ன கார் ஓட்டிப் பார்த்தது அப்படி. பக்கத்தில் ஒருவர், பின்சீட்டில் இன்னொருவர், பெட்ரோல் முள் சிவப்பில். "சார், செகண்ட்லயே போங்க சார், அந்த வேப்பமரத்துல திரும்பிரலாம் சார்." ஒன்றரை கிலோமீட்டருக்குள் கதை முடிந்துவிட்டது. இங்கே லைசென்சை ஒரு நகல் எடுத்தார்கள். இடித்தால் என் பங்குக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிய தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வெளியே நின்றது பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ், இரண்டரை டன் எடையுள்ள மின்சார எஸ்.யூ.வி. ஓஸ்லோவுக்கு வந்து ஆறாவது குளிர்காலம். இந்த நாட்டில் இவ்வளவு விலையுள்ள பொருளை யாரும் என்னை நம்பி இப்படிக் கொடுத்ததில்லை.

வாங்குகிற எண்ணம் இருந்ததா என்றால், இல்லை. 2025 ஜனவரி, மைனஸ் 9 டிகிரி, குழந்தைக்கு எட்டு மாதம். பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டியோடு நின்று நின்று வெறுத்துப்போய் ஒரு ராத்திரி இணையத்தில் மின்கார் தேடினேன். "ஓட்டிப் பார்க்க" என்ற பொத்தானைச் சும்மாதான் அழுத்தினேன். காலையில் நேரம் குறித்துச் செய்தி வந்துவிட்டது. மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏங்க, தள்ளுவண்டியும் இருபது கிலோ அரிசி மூட்டையும் ஒண்ணா ஏறுமா? அதை மட்டும் பாத்துட்டு வாங்க."

துணைக்கு வந்தவர் மேல்வீட்டு அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். 1987-ல் இங்கே ஃபோல்கெஹெய்ஸ்கூலே என்கிற மக்கள் உயர்பள்ளியில் படிக்க வந்தவர். அப்படித்தான் அன்றைக்குப் பல ஈழத் தமிழ் இளைஞர்கள் நார்வேக்கு வந்திருக்கிறார்கள். பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பல வருடம், அப்புறம் ஓஸ்லோ. நான் கார் "ஓட்டுவேன்", அவர் கார் "ஓடுவார்". முதல் வருடம் "நான் நாப்பது வருசமாக் கார் ஓடுறன்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது என் வாயிலேயே சில நேரம் அது வந்துவிடுகிறது.

கிளம்பும் முன் அண்ணன் கேட்டார்: "எஞ்சின் கிடக்கிற மூடியை ஒருக்காத் திறவுங்கோ, பாப்பம்." காபியோடு திரும்பி வந்த விற்பனையாளரிடம் நான் மொழிபெயர்த்தேன். அந்த மூடியை வாங்குகிறவர்கள் திறக்கவே முடியாதாம். பட்டறைக்காரர்கள் மட்டும்தான் திறப்பார்களாம். பிறகு கண்ணாடி துடைக்கிற தண்ணீரை எதில் ஊற்றுவது? அவர் முன்னால் போய் அந்த வட்டமான கம்பெனிச் சின்னத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். சின்னம் மேலே எழும்பியது. உள்ளே தண்ணீர் ஊற்றும் வாய். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "நெத்திப் பொட்டுக்குள்ளால தண்ணி விடுறாங்கள்" என்றார்.

உட்கார்ந்ததும் அடுத்த குழப்பம், கதவு. உள்ளே கைப்பிடி தேடி அவர் கை தடவிக்கொண்டே இருந்தது. கதவைத் திறக்க ஒரு பொத்தான். கியருக்கு ஒரு சின்ன நெம்பு. ஸ்டியரிங் வட்டமே இல்லை, அறுகோணம். கிளப்பினால் எஞ்சின் உறுமலுக்குப் பதிலாக மெல்லிய இசை ஒன்று வந்தது. இந்தக் கம்பெனியின் மின்கார்களுக்கு ஒலி அமைப்பதில் ஹான்ஸ் ஸிம்மருக்குப் பங்கு உண்டு. நமக்கு அந்த நேரத்தில் இசை ரசிக்கிற நிலை இல்லை.

என்னுடைய இந்திய லைசென்ஸ் இங்கே மூன்று மாதம்தான் செல்லுபடி. அப்புறம் அ, ஆவிலிருந்து தொடங்கினேன். இருட்டில் ஓட்டுவதற்கு ஒரு கட்டாயப் பாடம் உண்டு. அதைக் குளிர்காலத்தில்தான் வைப்பார்கள், கோடையில் இருட்டுக்கு எங்கே போவது? வழுக்குத்தளப் பயிற்சி என்று இன்னொன்று. எண்ணெய் தடவியது மாதிரி ஒரு தளத்தில் காரை விட்டு, பிரேக்கை மிதி என்பார்கள். கார் பம்பரமாய்ச் சுற்றும். அன்றைக்கு அடிவயிற்றில் இறங்கிய பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பத்து வருடம் மதுரையில் ஓட்டியவனுக்கு இங்கே கடைசிவரை மண்டையில் ஏறாதது வலப்பக்க விதி. குடியிருப்புத் தெருக்களில் வலதுபக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முன்னுரிமை. நீ பெரிய தெருவில் போகிறாயா, அவன் முட்டுச்சந்திலிருந்து வருகிறானா என்ற பேச்சே கிடையாது. ஹாரன் என்கிற ஆயுதமும் இல்லை.

அதனால் முதல் பத்து நிமிடம் ரிங் 3 சாலையில் மாட்டுவண்டி வேகம். அண்ணன் வாயே திறக்கவில்லை. ஒரு கை கதவில், ஒரு கை மடியில். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "தம்பி, கதவும் சுடுது." தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், கை வைக்கிற இடமெல்லாம் இதமான சூடு. இந்தக் காரில் இருக்கை மட்டுமில்லாமல் கதவுப் பலகை, கைதாங்கி எல்லாவற்றையும் சூடேற்றுகிற வசதி உண்டு.

அந்தச் சூடு அவரைப் பேச வைத்தது. ஃபின்மார்க்கில் மைனஸ் 25-ல் டீசல் காரை அப்படியே நிறுத்திவிட்டுப் போனால் காலையில் கிளம்பாது. ராத்திரி முழுக்க எஞ்சினைச் சூடாக வைத்திருக்க மோட்டார்வார்மர் என்று ஒன்று இருக்கும். அதன் வயரைச் சுவர் பிளக்கில் மாட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார்களாம். "இப்ப எல்லாரும் புதுசு எண்டு கதைக்கினம். நாங்கள் அப்பவே வயரைக் கொழுவித்தான் கார் விட்டனாங்கள்." எதிரே வந்த கார்களின் நம்பர் பலகைகளைப் பார்த்தேன். இஎல், இகே, இவி... மின்கார்களுக்கு என்றே தனி எழுத்துகள். 2024-ல் நார்வேயில் விற்ற புதுக் கார்கள் 100-ல் 89 மின்கார்.

டோல் விழுந்தால் யார் கட்டுவது என்று நான் கேட்க, அவர் ஒரு கதை எடுத்தார். 1989-ல் 'ஆ-ஹா' பாட்டுக் கோஷ்டியில் இரண்டு பேரும், பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரும் சுவிட்சர்லாந்திலிருந்து மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டா கொண்டுவந்தார்கள். மின்காருக்கு எதற்கு டோல் என்று கட்டாமலே ஓட்டினார்கள். அபராதம் குவிந்தது, அரசு காரைப் பிடித்து ஏலம் விட்டது, ஏலத்தில் எடுத்ததும் அவர்கள் ஆட்களே. 1997-ல் மின்கார்களுக்கு டோல் விலக்கு வந்தது. இப்போது ஓஸ்லோவில் மின்காரும் டோல் கட்ட வேண்டும், அது வேறு கதை.

கிரெஃப்ஸன்கொல்லன் மலைக்கு ஏறினோம். வளைவு வளைவாய்ப் பனி இறுகிய பாதை. கியரை 'B' என்ற நிலையில் வைத்தால் பிரேக்கே தேவைப்படவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கி நிற்கிறது. வழுக்குத்தளத்தில் சுற்றியவனுக்கு முதல் இரண்டு வளைவில் பாதத்தில் கூச்சம். மூன்றாவதில் கால் தானாகப் பழகிவிட்டது. உச்சியில் நகரமும், நிலத்துக்குள் நீண்டு புகுந்த ஃபியோர்டு என்கிற கடற்கழியும் வெள்ளையாய் விரிந்து கிடந்தன. இறங்கும்போது பார்த்தால், இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எண் குறைவதற்குப் பதில் 4 கிலோமீட்டர் ஏறியிருந்தது. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இறக்கத்தில் கிடைக்கிற சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. காரணம் தெரியும், தெரிந்தும் இலவசமாய்க் கிடைத்ததுபோல ஒரு சந்தோஷம்.

குளிரில் எந்த மின்காரும் தாளில் போட்ட தூரம் போகாது, அதையும் சொல்ல வேண்டும். நார்வே வாகன ஓட்டிகள் சங்கம் குளிர்காலத்தில் கார்களை வரிசையாக ஓட்டி, பேட்டரி தீர்ந்து நிற்கும் வரை சோதிக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு தூரம் குறைவது அங்கே அதிசயமில்லை.

விலைதான் இடித்தது. அந்த 2025-ல் மின்காருக்கு முதல் 5 லட்சம் நார்வே குரோனர் வரை விற்பனை வரி இல்லாமல் இருந்தது. அதற்கு மேல் உள்ளதற்கு 25 சதவீதம். 8 லட்சம் விலை என்றால் மேலே உள்ள 3 லட்சத்துக்கு வரி மட்டும் 75,000. வீட்டுக் கடனே இன்னும் இருபத்திரண்டு வருடம் பாக்கி.

தள்ளுவண்டி ஏறியது. அரிசி மூட்டை இல்லாததால் அதன் அளவுக்கு அண்ணனின் குளிர்கோட்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தோம். அதுவும் ஏறியது.

மூன்றே முக்காலுக்குச் சாவியைக் கொடுத்தேன். விற்பனையாளர் காரைச் சுற்றிப் பார்ப்பார், கீறல் தேடுவார் என்று காத்திருந்தேன். அவர் சாவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

வெளியே அண்ணனின் பத்து வயது நிசான் லீஃப், கண்ணாடி முழுக்கப் பனி உறைந்து நின்றது. சுரண்டியை என் கையில் கொடுத்து, "சூடான கதவு இல்லாட்டியும் சுரண்டக் கை கிடக்குது" என்றார். இரண்டு பேருமாகச் சுரண்டி முடித்தோம். அப்புறம் அவர் மறுபக்கம் சுற்றிப் போய்ப் பயணி இருக்கையில் உட்கார்ந்து, சாவியை என் பக்கம் நீட்டினார்.

"இண்டைக்கு நீர் ஓடும்."

ஆறு வருடத்தில் அவர் காரை நான் தொட்டதில்லை. கிளப்பிப் பத்தடி போகவில்லை, அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது.

"மெல்ல, மெல்ல. றைட்டால ஒருத்தன் வாறான், பாரும். உந்த மரத்தடியில திரும்பும், அங்கால வழுக்கும்..."

வீடு வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.