நீருக்கடியில் ஓர் எல்லை: டெக்ஸோமா ஏரியில் மீன்பிடி உரிமம் பெற்ற அனுபவம்

டல்லாஸின் வடக்குப் புறநகரில் வசிக்கும் எங்களுக்குத் தூண்டில் போட உகந்த பெரிய நீர்நிலை, 75ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள டெக்ஸோமா ஏரிதான். சென்ற அக்டோபரில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே அழைத்துச் செல்லத் திட்டமிட்டேன். என்னிடம் டெக்ஸஸ் மாநிலத்தின் நன்னீர் மீன்பிடி உரிமம் இருந்தது. 30 டாலர் கொடுத்து செப்டம்பரில் வாங்கியது. அது போதும் என்றே எண்ணியிருந்தேன். படகு வைத்திருக்கும் நண்பர்தான், "கரையிலிருந்து பிடித்தால் சரி, படகில் நடு ஏரிக்குப் போனால் அது செல்லாது" என்று எச்சரித்தார்.

ரெட் ஆற்றின் குறுக்கே டெனிசன் அணை 1944இல் கட்டி முடிக்கப்பட்டபோது உருவான ஏரி இது. அந்த ஆறுதான் டெக்ஸஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் எல்லை. ஆனால் எல்லை ஆற்றின் நடுவில் ஓடவில்லை. 1819இல் ஸ்பெயினுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே வந்த வழக்குகளில், 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தென்கரையே எல்லை என்று முடிவு செய்தது. அணை வந்த பிறகு அந்தத் தென்கரை நீரில் மூழ்கிவிட்டது. எல்லை மட்டும் பெரும்பாலும் அதையொட்டியே நிற்கிறது. ஆகவே ஏரியின் பெரும்பகுதி ஓக்லஹோமாவுக்குரியது. டெக்ஸஸ் கரையில் படகேறிச் சற்று வடக்கே போனாலே மாநிலம் மாறிவிடுகிறது. மாறியதைச் சொல்ல நீரின்மேல் ஓர் அடையாளமும் இல்லை.

இந்தச் சிக்கலுக்காகவே 'லேக் டெக்ஸோமா லைசென்ஸ்' என்று தனியாக ஓர் உரிமம் தருகிறார்கள். விலை 12 டாலர்; ஏரியின் இரு மாநிலப் பகுதிகளிலும் செல்லும். மாநில உரிமம் வைத்திருப்பவர் அதனுடன் இதைச் சேர்த்து வாங்கலாம். இதை மட்டுமே வைத்துக்கொண்டும் ஏரியில் மீன் பிடிக்கலாம். எனக்கு இணையத்தில் சில நிமிடங்களில் கிடைத்துவிட்டது.

அப்பாவின் உரிமத்துக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. எழுபது வயதைக் கடந்தவர் என்பதால் மூத்தோர் சலுகை இருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சலுகை மாநிலவாசிகளுக்கு மட்டுமே. மாநிலவாசி எனக் கொள்ள ஆறு மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். வெளியாருக்கான டெக்ஸஸ் நன்னீர் உரிமம் 58 டாலர். இரண்டு மாதம் தங்கிச் செல்பவருக்கு அது வீண் செலவு என்பதால், விளையாட்டுப் பொருள் கடையொன்றில் அவருடைய கடவுச்சீட்டைக் காட்டி அவருக்கும் 12 டாலர் உரிமத்தையே வாங்கினேன். எங்கள் ஊர்க் குளத்து மீனை ஏலத்தில் குத்தகைக்கு எடுத்தவர் தவிர வேறு யாரும் தொட முடியாது. ஆளுக்கொரு காகிதம் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பதை அப்பா கடைசிவரை முழுமையாக நம்பவில்லை.

இங்கே என் தவறொன்றையும் சொல்ல வேண்டும். டெக்ஸஸின் வழக்கமான உரிமம் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும் என்பதால், டெக்ஸோமா உரிமமும் ஏறத்தாழ ஓராண்டுக்கு இருக்கும் என்று கருதிவிட்டேன். அது எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். ஜனவரியில் மறுபடி ஏரிக்குக் கிளம்பியபோதுதான் கவனித்து, புதிதாக வாங்கினேன். மேலும், இந்த உரிமம் ஏரிக்கு மட்டுமே உரியது. அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் இதை நம்பித் தூண்டில் போடக் கூடாது.

காகிதம் எதுவும் வாங்காமல் மீன் பிடித்துப் பார்க்க விரும்புவோருக்கும் வழியுண்டு. டெக்ஸஸ் மாநிலப் பூங்காக்களின் கரையிலிருந்து பிடிக்க உரிமம் தேவையில்லை. இந்த ஏரிக்கரையிலேயே ஐசனோவர் மாநிலப் பூங்கா இருக்கிறது. முதல் நாள் அப்பாவை அங்கேதான் உட்கார வைத்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

மறுநாள் நண்பரின் படகில் போனோம். இந்த ஏரியின் பெயர்பெற்ற மீன் ஸ்ட்ரைப்பர். ஒருவர் ஒரு நாளில் பத்து பிடிக்கலாம்; அவற்றில் 20 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை இரண்டுக்கு மேல் கூடாது. படகின் மீன்தொட்டியில் போட்ட ஸ்ட்ரைப்பர் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். பெரியது கிடைத்ததும் சிறியதை நீரில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் இங்கே சட்டப்படி செல்லாது. அதனால் ஒவ்வொன்றையும் அளந்த பிறகே தொட்டியில் போட்டோம்.

நண்பகல் வாக்கில் கண்காணிப்புப் படகொன்று அருகில் வந்து நின்றது. அதிலிருந்த அலுவலர் மூவரின் உரிமங்களையும் வாங்கிப் பார்த்தார். தொட்டியிலிருந்த மீன்களை எண்ணினார். பெரிதாகத் தெரிந்த இரண்டை மட்டும் அளந்தார். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். "இவரு எந்த மாநிலத்து ஆளு?" என்று அப்பா கேட்டார். சட்டையிலிருந்த சின்னத்தைக் கவனித்திருந்த நண்பர், ஓக்லஹோமா என்றார். டெக்ஸஸ் நீரில்தான் இருக்கிறோம் என்று நாங்கள் மூவரும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.