வெட்டப்பட்ட வேதாகமமும் வெட்டாத வேதாகமமும்

1807-ல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது, மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே. எகிப்திலிருந்து மோசே தன் ஜனங்களை மீட்டுக்கொண்டு வரும் கதையே அதில் கிடையாது, ஆனால் எஜமானுக்குக் கீழ்ப்படி என்று எபேசியருக்கு எழுதியது மட்டும் பத்திரமாக இருந்தது. இதைச் சொன்னால், தப்பு வெட்டின மனுஷன் மேல்தானே, வேதத்தின் மேல் இல்லையே என்கிறார்கள் விசுவாசிகள்.

சரி, வெட்டாத பிரதிக்கே வருவோம். யாத்திராகமம் 21-ல், கோலால் அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால் அடித்தவனுக்குத் தண்டனை இல்லை, அவன் இவனுடைய உடைமையாம். அந்தக் காலத்துக்கு இதுவே பெரிது என்பார்கள். இருக்கட்டும், இறாலைத் தின்னாதே (அருவருப்பாம்!) என்று கறாராகச் சொல்லத் தெரிந்த தேவனுக்கு மனுஷனை வாங்காதே என்று சொல்ல மட்டும் என்ன தயக்கம்?

அப்புறம், தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே என்கிற உபாகமம் 23. அங்கேதான் நான் இன்னும் தடுமாறுகிறேன்.