ஜூன் 26-க்குள் போட வேண்டியிருந்த இரண்டாவது மனு

அமெரிக்காவில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களின் குற்ற வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். 2016-இல் நாங்கள் எடுத்த ஒரு கைதியின் வழக்கு இது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு 2006-இல் அவருக்கு 15 ஆண்டு கிடைத்தது. அன்றைக்கு அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சமே 10 ஆண்டுதான். போதைப்பொருள் அல்லது வன்முறைக் குற்றங்களுக்கான பழைய தண்டனைகள் மூன்று இருந்ததால் கடுமையான தனிச் சட்டம் பாய்ந்தது. இரண்டு போதைப்பொருள் வழக்குகள். மூன்றாவது, போலீஸ் கைகாட்டியும் காரை நிறுத்தாமல் போனது.

காரை நிறுத்தாமல் போனதை வன்முறைக் குற்றமாகக் கணக்கிட வைத்த, அந்தத் தனிச் சட்டத்தின் வரி தெளிவற்றது, செல்லாது என்று 2015 ஜூன் 26-இல் ஜான்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இவர் தண்டனையை எதிர்த்துப் போட்ட முதல் மனுவில் ஏற்கெனவே தோற்றவர். 1996-இல் வந்த சட்டப்படி, இரண்டாவது மனுவுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். அதற்கு, புதிய விதி முன்தேதியிட்டு, பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமே தீர்மானித்திருக்க வேண்டும். 2016 ஏப்ரல் 18-இல் வெல்ச் வழக்கில்தான் அது நடந்தது. ஓராண்டுக் கெடுவோ ஜான்சன் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் பத்து வாரத்துக்கும் குறைவு.

அனுமதி கேட்கும் படிவத்தில், எந்தப் பழைய வழக்கால் தண்டனை கூடியது என்று காட்ட வேண்டும். அது தண்டனைக்கு முந்தைய விசாரணை அறிக்கையில் இருக்கும். கூட்டாட்சிச் சிறைகளில் கைதிகள் அந்த அறிக்கையைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக்கூடாது. அவர் நினைவிலிருந்து எழுதிய கடிதத்தில் வழக்கு ஆண்டே மாறியிருந்தது. பழைய கோப்பைத் தேடி எடுத்து, அந்த மூன்று வழக்குகளும் இருந்த பத்தியைப் படிவத்தோடு இணைத்தோம்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அன்று மறுபரிசீலனை கேட்க முடியாமல் இருந்தது. அந்த மறுப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கும் அன்று போக முடியவில்லை. வக்கீல் இல்லாமல், கையில் ஒரு காகிதமும் இல்லாமல், சிறையிலிருந்தே எழுதிப் போட்டவருக்கும் அன்று இதே விதிதான். இதை என்னால் இன்றுவரை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

எங்களுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு விசாரணை நீதிமன்றத்தில் அரசுத் தரப்பும் பெரிதாக எதிர்க்கவில்லை. தண்டனை 10 ஆண்டாகக் குறைந்தது. அதை அவர் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்ததால் விடுதலையானார். வெளியே மூன்று ஆண்டுக் கண்காணிப்பு மட்டும் பாக்கி இருந்தது.