கர்ப்பத்தில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் வந்தால்: ஊசியும் தேதிக் கணக்கும்

முதல் மாதப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பாலியல் தொற்றைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்று வந்ததுமே சிபிலிஸ் என்று முடிவுகட்ட முடியாது. கர்ப்பத்தில் சிலருக்கு அது பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும், பெரும்பாலும் 1:2, 1:4 என்று குறைந்த அளவில் (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் வருகிறது என்பதே இந்த அளவு). டி.பி.எச்.ஏ. என்ற, சிபிலிஸ் கிருமிக்கே உரிய இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்துகிறோம். ஆனால் அந்த ரிசல்ட் வரத் தாமதமாகும், அதற்குள் அவர் திரும்பி வருவாரா என்பதே சந்தேகம் என்றால், காத்திராமல் முதல் ஊசியைப் போட்டுவிடுவதே மேல். சிகிச்சை இல்லாவிட்டால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டும்: கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறப்பது, குறைப்பிரசவம், பிறவி சிபிலிஸ் எல்லாம் அங்கிருந்துதான்.

மருந்து பென்சாத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட். இரண்டு புட்டத்திலும் பாதி பாதியாகப் போடுவோம். தொற்று எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் (அநேகமாகத் தெரியாது) வாரம் ஒன்றாக மூன்று வாரம். மருந்து பால்போல் கெட்டியானது. கலக்கிவிட்டுச் சற்றுத் தாமதித்தாலும் ஊசி அடைத்துக்கொள்ளும். 21 கேஜ் ஊசியில், குலுக்கிய கையோடு, தசையில் மட்டுமே போட வேண்டும். ரத்தக் குழாயில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம்.

பலருக்கும் தவறுவது இரண்டாவது, மூன்றாவது ஊசி. இடைவெளி 9 நாளைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்துதான். பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பே சிகிச்சை தொடங்கியிருக்காவிட்டால் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்ததாகக் கொள்வதில்லை.

முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். அலர்ஜி என்று பயந்து அடுத்த ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அது கிருமி சாவதால் வருவது. ஆனால் வயிறு இறுகி இறுகி வலித்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். நிஜமாகவே பென்சிலின் அலர்ஜி இருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கிவிட்டு அதே மருந்தையே போடுவார்கள். அசித்ரோமைசின் குழந்தையைக் காக்கும் என்று நம்ப முடியாது. டாக்சிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது.

கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் தொற்று திரும்ப வரும். வி.டி.ஆர்.எல். அளவை ஒரே லேபில் பார்ப்பது நல்லது. 1:32 என்பது 1:8 ஆவதுதான் சரியான இறக்கம், அதற்கு மாதங்கள் பிடிக்கும். டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும், அதைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

பிறந்த குழந்தையைப் பரிசோதிக்கத் தொப்புள்கொடி ரத்தம் வேண்டாம், தாயின் ரத்தம் கலந்திருக்கலாம். குழந்தையின் ரத்தக் குழாயிலிருந்தே எடுத்துத் தாயின் அளவோடு ஒப்பிட வேண்டும். நான்கு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக்கும் தொற்று என்றே எடுத்துக்கொள்கிறோம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மட்டும் என்றால் 6 மாதத்துக்குள் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் ஆகிவிடும்.