கிரீம் போட்டும் போகாத சேற்றுப்புண்: எங்கே பிசகுகிறது

சேற்றுப்புண் முதலில் பிடிப்பது பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான். காலிலேயே நெருக்கமான இடுக்கு அது, காற்றே போகாது. தோல் வெள்ளையாக ஊறி உரிந்து, நடுவில் கீறல் விடும். சேற்றில் இறங்கவே இறங்காமல் நாள் முழுக்க சேஃப்டி ஷூவில் நிற்பவருக்கும் வரும். அங்கே வளர்வது பூஞ்சை. ஈரம் இருக்கும்வரை எந்த விலை கிரீமும் அதனிடம் தோற்கும்.

அதனால் மருந்துக்கு முன்னால் துடைப்பு. இரவு சாதாரண சோப்பில் கழுவி, பழைய பருத்தித் துணியைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு 10 நிமிடம் மின்விசிறிக் காற்றில் கால். நீர் கசிந்து நாற்றமும் அடித்தால் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டிருக்கும். அப்போது பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் உதவும்: 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், 10 முதல் 15 நிமிடம் காலை வைத்திருந்தால் போதும். வெளிர் ரோஜா நிறம்தான் சரியான அளவு. அடர் ஊதாவாக இருந்தால் தோல் வெந்துபோகும், கரையாத பொடி பட்டாலும் அப்படித்தான். நகம் பழுப்பாகும், பிளாஸ்டிக் பேசினும் பாழ். கசிவு நின்றதும் இதை நிறுத்திவிடலாம். தொடர்ந்தால் தோல் காய்ந்து மறுபடி வெடிக்கும்.

இனி கிரீம். டெர்பினாஃபின் 1 சதவீதம் என்றால் இடுக்குப் புண்ணுக்கு 1 முதல் 2 வாரம். குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் தினம் இரண்டு வேளையாக 4 வாரம். அரிப்பு நாலைந்து நாளில் அடங்கிவிடும், ட்யூப் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த மழைக்குப் புண் திரும்பி வரும். அடங்கியது அரிப்பு மட்டும்தான், மேல்தோலில் பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்கிறது. தோல் பார்க்க நல்லதாக இருக்கும் இடத்தையும் சேர்த்து, புண்ணின் ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை தடவுங்கள். இடுக்கில் அப்பிவைக்காதீர்கள், மிஞ்சிய கிரீமே ஈரமாகிவிடும்.

உள்ளங்கால் முழுக்க மாவு பூசியது போல உலர்ந்து உரிகிற வகை ஒன்று உண்டு. பித்தவெடிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் வாசலின் தடவுகிறார்கள். இதில் கணக்குதான் காலை வாருகிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை கிரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு முழுப் பாதத்துக்கு அதைப் போல இரண்டு வேண்டும். இரு பாதம், இரு வேளை என்றால் நாளைக்கு 4 கிராம். 15 கிராம் ட்யூப் நாலு நாளைக்குக்கூட வராது. மாதம் முழுக்க ஒரே ட்யூபில் ஓட்டிவிட்டு மருந்து கேட்கவில்லை என்றால் எப்படி? தடித்த தோலுக்குள் கிரீம் இறங்குவதும் கடினம், பல சமயம் மாத்திரைதான் வழி. ஒரு கை மட்டும் இதே போல உரிந்தால், இரு கால் ஒரு கை என்பது இந்தப் பூஞ்சையின் பழைய அடையாளம்.

மருந்துக் கடையில் "சேற்றுப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்குவதில் பெரிய கெடுதல் இருக்கிறது. கிடைப்பது பெரும்பாலும் கலவைக் களிம்பு. அட்டையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் மறுநாளே மறையும், பூஞ்சை பரவும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தது. கேட்டால் இன்றும் கை நீட்டித் தருகிறவர்கள் உண்டு.

முறையாகப் போட்டும் அசையவில்லை என்றால் அது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டும். தோல் டாக்டர் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். எளிய சோதனை. கிரீம் போட்டுக்கொண்டே சோதனைக்குப் போனால் பூஞ்சை சிக்காமல் போகலாம். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் மட்டும், அதே வடிவில் கருத்து அரித்தால் ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்து வீண், செருப்பை மாற்ற வேண்டும்.

பொதுவாக யாரும் கவனிக்காத ஒளிவிடம் நகம். மஞ்சளாகத் தடித்து, அடியில் பொடி உதிர்ந்தால் இடுக்கு ஆறினாலும் அங்கிருந்து மறுபடி இறங்கும். கால் நகத்துக்கு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்றாக 12 வாரம் தருவது வழக்கம், முன்னதாகக் கல்லீரல் சோதனை. மாத்திரை முடியும்போதும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஷூ இரண்டு ஜோடி வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், உள்மிதியைக் கழற்றிக் காயவைத்து. சாக்ஸை உட்புறம் வெளியே திருப்பி 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உதிர்ந்த செதிலோடு பூஞ்சையும் போகும். மருதாணி அரைப்பை ஈரமாக இடுக்கில் வைத்து இரவெல்லாம் கட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை: ஈரம் நிற்கிறது, சிவப்பு நிறத்தில் புண்ணின் நிலையும் தெரியாமல் போகிறது.

சர்க்கரை நோயாளிகளும் யானைக்கால் வீக்கம் உள்ளவர்களும் வீட்டு வைத்தியத்தில் ஒருநாள்கூடக் கழிக்கக் கூடாது. இடுக்கில் உள்ள சிறு கீறல் வழியாகத்தான் கிருமி நுழைந்து, கால் சிவந்து வீங்கி, குளிர் காய்ச்சல் வருகிறது. வீக்கக் காலுக்கு ஒவ்வொரு தடவை வரும் காய்ச்சலும் வீக்கத்தைக் கூட்டும்.

கால் துடைத்த துணியால் வேறு இடம் துடைக்க வேண்டாம், தொடை இடுக்கில் படர்தாமரை பெரும்பாலும் காலிலிருந்துதான் ஏறுகிறது. ஜட்டி கால் வழியாகத்தானே மேலே போகிறது. ஆகவே புண் ஆறும்வரை முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.