எட்டு நிலையில் மூன்றுதான் உருப்படி

கோத்தகிரிக் குளிரில் மூன்று வாரமாகப் பழைய அழுத்துப் பலகையோடு (கட்டத்தை அழுத்தி நகர்வைச் சொன்னால் தானே எதிர்த்து ஆடும் சதுரங்க இயந்திரம்) மல்லுக்கட்டியதில் தெரிந்தது இதுதான்: ஆட்டத்தின் கடினத்துக்கு எட்டு நிலை என்று போட்டிருக்கிறார்களே, அதில் ஐந்து சும்மா கணக்குக் காட்ட.

முதல் நிலை இரண்டு அரைநகர்வு ஆழம் (ஒரு பக்கம் ஒரு முறை ஆடுவது ஓர் அரைநகர்வு). நிலை 2 முதல் 8 வரை இயந்திரம் யோசிப்பது நகர்வுக்குச் சராசரி 5, 10, 15, 30, 60, 120, 180 விநாடி. 180 என்பது பழைய போட்டிக் கணக்கு, 2 மணி நேரத்தில் 40 நகர்வு. ஆட்டத்தின் நடுவில் ஒரு காய் அமைப்பில் சுமார் 35 வித நகர்வுகள் ஆடலாம். ஆல்பா-பீட்டா வெட்டல் (பயனில்லாத கிளைகளை ஆராயாமல் விடும் முறை) நன்றாக வேலை செய்தால் ஒவ்வோர் அரைநகர்வு ஆழத்துக்கும் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 6 மடங்கு நேரம் கூடுகிறது. 5 விநாடியில் முடிந்த ஆழத்தைத் தாண்ட 30 விநாடி வேண்டும், அதையும் தாண்ட 180. நடுவில் உள்ள 10-ம் 15-ம் அடுத்த ஆழத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் கைவிடுகின்றன. ஒரே காய் அமைப்பை வைத்து நிலை 2, 3, 4-ல் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதே காயைத்தான் நகர்த்தும். ஆக 2, 5, 8. மற்றதைத் தொடவே வேண்டாம்.

அடிமட்ட நிலைகளை அளக்க லேகல் பொறியைவிட (ராணியைத் தூண்டிலாகப் போட்டு மேட் வைக்கும் தந்திரம்) நல்ல அளவுகோல் கிடையாது. நீங்கள் வெள்ளை; கோட்டுக்கு முன்னால் உங்கள் நகர்வு, பின்னால் கருப்பின் நகர்வு. ஈ4–ஈ5, குதிரை எஃப்3–டி6, மந்திரி சி4–மந்திரி ஜி4, குதிரை சி3–ஜி6. திறப்புப் புத்தகம் (இயந்திரத்தில் பதிந்திருக்கும் தொடக்க நகர்வுகள்) குறுக்கிடாமல் இருக்க, காய்களை நேரடியாக அடுக்கும் வசதி வழியாக இதை வையுங்கள். இப்போது குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டி ராணியைத் திறந்து போடுங்கள். முதல் நிலை லபக்கென்று ராணியை விழுங்குகிறது. அப்புறம் மந்திரி எஃப்7 செக், ராஜா ஈ7-க்கு மட்டுமே போகலாம், குதிரை டி5, மேட். ராணியை வெட்டுவதிலிருந்து மேட் வரை நாலு அரைநகர்வு. இரண்டோடு நிற்கும் இயந்திரத்துக்கு அது தெரிய வழியே இல்லை. நிலை 2 ராணியைத் தொடவில்லை. டி6 சிப்பாயால் ஈ5 குதிரையை வெட்டியது, வெள்ளை ராணி ஜி4 மந்திரியை எடுத்தது, ஒரு சிப்பாய் நஷ்டத்தோடு ஆட்டம் தொடர்ந்தது.

இனி, எல்லாரும் கோட்டை விடும் இடம். எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் வசதி இந்தப் பலகையில் முன்னிருப்பாகவே போடப்பட்டிருக்கிறது. நிலை 2 என்று நினைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்து, அது எதிர்பார்த்த நகர்வையே ஆடினால், பட்டென்று பதில் வரும். அந்தப் பதில் 5 விநாடிப் பதில் அல்ல, 60 விநாடிப் பதில். நிதானமாக ஆடுகிறவருக்குத்தான் இயந்திரம் பலமாகிறது! "நிலை 2-லேயே தோற்கிறேன்" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஈஸி மோடைப் போட்டால் இது அடங்கும், பேட்டரியும் மிச்சம். ஆனால் மின்சாரம் போய் வந்தால் ஈஸி மோட் அழிந்து பழையபடி ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. அடாப்டர் முனையைச் செருகினாலே உள்ளே பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஜாக் இது. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், நாலு பேட்டரி உள்ளே இருந்தும் ஆட்டம் போச்சு. எனவே பேட்டரியிலேயே ஓட்டுவது உத்தமம். சி அளவு பேட்டரி மலையில் லேசில் கிடைப்பதில்லை, கோவைக்குப் போகும்போது எட்டாக வாங்கி வைப்பதுதான் வழி. பிளாஸ்டிக் உறைக்குள் பென்சில் பேட்டரி போட்டும் ஓடுகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு நாள்தான். மார்கழிக் குளிரில் அதுவும் குறைகிறது, திரை எழுத்தும் மந்தமாகிறது.

ஆட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கும் என் முயற்சி இன்னும் பாதியில் நிற்கிறது. நகர்வுக்கு நகர்வு விநாடி சேர்க்கும் வசதி அந்தக் காலத்துப் பலகையான இதில் கிடையாது. 15 நிமிடம், அதோடு நகர்வுக்கு 10 விநாடி என்பதற்குப் பதிலாக, 60 நகர்வு என்று வைத்து மொத்தம் 25 நிமிடம் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், இயந்திரத்தின் காயை நகர்த்திக் கட்டம் அழுத்துவதும் நம் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. நகர்வுக்கு 4 விநாடி என்றாலும் 60 நகர்வில் 4 நிமிடம் போய்விடும். இரு பக்கத்துக்கும் ஒரே அமைப்பு என்பதால் 30 நிமிடம் போட்டுவிட்டேன்.

அடுத்து ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள். அங்கே நேரத்தைத் தொடப்போவதில்லை. ஆராயும் கணுக்களின் (காய் அமைப்புகளின்) எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால் கருவி எதுவானாலும், எவ்வளவு சூடானாலும் பலம் மாறாது. 1,000 கணுவில் தொடங்கி ஆறு ஆறு மடங்காக ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தப் பழைய பலகையில் எச் வரிசைக் கட்டங்கள் ஈரத்தில் இரண்டு முறை அழுத்தினால்தான் கேட்கின்றன. அதைத் திறந்து துடைக்கும் வேலை பாக்கி.